மச்சு பிச்சுவுக்கு இறங்கித்தான் போக வேண்டும்

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் இன்கா பேரரசு விட்டுச்சென்ற கல் நகரமான மச்சு பிச்சுவின் உயரம் 2,430 மீட்டர். ஊட்டிக்குப் போய், தொட்டபெட்டா உச்சியில் மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிரைத் தின்றுவிட்டு இறங்கிய எவரும், அந்த இன்கா நகரத்தைவிட உயரமான இடத்தில் ஏற்கெனவே நின்றிருக்கிறார். படங்களில் நகரத்தின் பின்னால் கூம்பு போல நிற்கிறதே வைனா பிச்சு, அது 2,693 மீட்டர். மூணாறு பக்கத்து ஆனைமுடி 2,695.

அப்படியானால் மச்சு பிச்சு போகிறவர்களில் இத்தனை பேர் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று சுருண்டு படுப்பது ஏன்? பெரும்பாலும் அவர்கள் படுத்துக் கிடப்பது மச்சு பிச்சுவில் இல்லை, குஸ்கோவில். விமானம் இறங்கும் நகரம் அதுதான். உயரம் 3,399 மீட்டர், அதாவது லடாக்கின் லே நகரைவிடக் கொஞ்சமே தாழ்வு. கடற்கரை நகரமான லிமாவிலிருந்து கிளம்பும் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் பயணியை அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இன்கா நகரம் அதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே, உருபாம்பா ஆற்றின் வளைவுக்கு மேலே இருக்கிறது. ஆகவே இந்தப் பயணத்தை மலையேற்றமாக நினைத்துத் திட்டமிடுவதே முதல் பிழை. குஸ்கோவிலிருந்து பார்த்தால் இது ஒரு மலையிறக்கம். உடம்பு கெடுவதும் கெடாமலிருப்பதும் எந்த ஊரில் எந்த இரவு தூங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

உடம்புக்குள் நடப்பது

உயரத்தில் ஆக்சிஜனின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் எங்கும் அதே 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். சென்னைக் கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்கு மச்சு பிச்சுவில் கிடைக்கும்; குஸ்கோவில் மூன்றில் இரண்டு பங்கு. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஊரில் 97, 98 என்று காட்டும் விரல்நுனிக் கருவி குஸ்கோவில் முதல் நாள் 90க்குக் கீழே காட்டுவது சகஜம். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதே மேல்.

குறைவை ஈடுகட்ட உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளை அதைக் கண்டு, "மூச்சு போதும், குறை" என்கிறது. ஆக்சிஜன் போதவில்லை, கூட்டு என்று ஒரு பக்கம். காரம் ஏறுகிறது, குறை என்று இன்னொரு பக்கம். இந்த இழுபறி இரவுத் தூக்கத்தில் வெளிப்படையாகத் தெரியும். நாலைந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு சில நொடி மூச்சே இல்லை, பிறகு திடுக்கென்று விழிப்பு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துபோவார். முதல் ஓரிரு இரவுகளில் இது வந்து போவது இயல்புதான். இதற்கென்று தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. இரண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளின் அதிகப்படியைச் சிறுநீரில் தள்ளி இரத்தத்தைச் சமன்செய்ய இரண்டு மூன்று நாள் ஆகிறது. உடம்பு பழக அவகாசம் வேண்டும் என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி இதுதான்.

தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் இதில் சலுகை கிடையாது. உடல் தகுதிக்கும் உயர நோய்க்கும் சம்பந்தம் மிகக் குறைவு. நன்றாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் முதல் நாளே குஸ்கோவின் படிக்கட்டுத் தெருக்களில் வேகமாக ஏறும் இளைஞர்கள் முதலில் விழுவதும் உண்டு. அறிகுறிகள் உடனே வருவதில்லை. இறங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டு வேளையில் தலைவலி தொடங்கும். "காலையில் நன்றாகத்தானே இருந்தேன்" என்ற புலம்பல் அதனால்தான்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பெருவுக்கும் இந்தியாவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். ஒரு நாளுக்கு மேல் விமானங்களில் கழித்து, தண்ணீர் சரியாகக் குடிக்காமல், தூங்காமல் லிமாவில் இறங்குகிறார்கள். அதே களைப்போடு குஸ்கோ விமானம் ஏறினால், வருவது உயர நோயா, பயணக் களைப்பா, நீர்வற்றலா என்று பிரித்தறியவே முடியாது. லிமாவில் ஒரு முழு இரவு தூங்குவது வீண்செலவு ஆகாது.

எந்த வரிசையில் போவது

வழக்கமாக விற்கப்படும் பயணத் திட்டம் குஸ்கோவில் இரண்டு இரவு, பிறகு மச்சு பிச்சு. அதைத் தலைகீழாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காலை விமானத்தில் குஸ்கோ இறங்கியதும் விமான நிலையத்திலிருந்தே காரில் உருபாம்பா பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். ஒய்யான்டைடாம்போ என்ற சிற்றூர் ஏறத்தாழ 2,800 மீட்டரில் இருக்கிறது. இரண்டு மணி நேரப் பயணம். வழியில் சின்செரோ மேட்டில் சாலை 3,700 மீட்டரைத் தாண்டும், ஆனால் அரைமணி நேரம் அந்த உயரத்தைக் கடப்பது ஒன்றும் செய்யாது. உடம்பு கணக்கெடுப்பது தூங்கும் உயரத்தை.

ஒய்யான்டைடாம்போவில் இரண்டு இரவு. அங்கேயே மலைச்சரிவில் பெரிய இன்கா படிவரிசைகளும், ஒற்றைக் கல்லாக நிற்கும் ஆறு பிரமாண்டப் பலகைக் கற்களும் இருக்கின்றன. இரண்டாம் நாள் மெதுவாக ஏறிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் ரயிலில் மச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியென்டஸ். அது 2,040 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வு. அங்கே ஒரு இரவு, மறுநாள் காலை மேலே. குஸ்கோவைக் கடைசிக்கு வைத்தால், அதற்குள் மூன்று நான்கு நாள் பழகிய உடம்போடு 3,400 மீட்டருக்குப் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் உண்டு. மச்சு பிச்சு, இன்கா அரசன் பச்சாகூட்டிக்காக 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அரண்மனைப் பண்ணை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. ஜூன், ஜூலை மாதங்களில் குஸ்கோவின் இரவு உறைநிலையைத் தொடும். அப்போது அரச குடும்பம் பரிவாரத்தோடு இங்கே இறங்கி வந்திருக்க வேண்டும். இங்கே குளிர் குறைவு, செடி கொடி அடர்த்தி, ஆர்க்கிட் பூக்கள் ஏராளம். அவர்களுக்கு இது வெயிலைத் தேடிப் போகும் ஊர். நம் ஊர் வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஏறினார்கள். இன்காக்கள் குளிருக்கு ஒதுங்கி இறங்கினார்கள்.

மாத்திரை, இலை, டப்பா ஆக்சிஜன்

நேராகக் குஸ்கோவில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அசெட்டசோலமைடு உதவும். டயமாக்ஸ் என்ற பெயரில் கடைகளில் அறியப்படுவது. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று. ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை. இந்தியாவில் 250 மில்லிகிராம் மாத்திரையே எளிதில் கிடைப்பதால் பாதியாக உடைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகம் இரண்டு மூன்று நாளில் செய்யும் பைகார்பனேட் வேலையை இது முன்கூட்டியே தொடங்கிவைக்கிறது. விரல்நுனியும் உதடும் மதமதப்பது, சோடா சப்பென்று இருப்பது, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவை. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதய நோய், கடும் இரத்தச்சோகை உள்ளவர்களும் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

விடுதி வரவேற்பறையிலேயே கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். ஆண்டிஸ் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்லும் இலை. சூடாக ஒரு கோப்பை குடித்தால் இதமாக இருக்கும். உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. ஒரு கோப்பை குடித்தாலே சிறுநீர்ச் சோதனையில் கோக்கைன் தடயம் காட்டக்கூடும் என்பதால், வேலையிடத்தில் அப்படிச் சோதனை இருப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. மருந்துக்கடையில் விற்கும் சிறு ஆக்சிஜன் டப்பா சில நிமிட நிம்மதி தரும், அவ்வளவே. தீர்ந்ததும் தலைவலி திரும்பிவிடும்.

சாதாரணத் தலைவலிக்குப் பாராசிட்டமால், ஓய்வு, தண்ணீர், அரை வயிற்றுச் சாப்பாடு போதும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெளிந்துவிடும். இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒருவரைத் தரையில் நேர்கோட்டில், குதிகாலை முன்பாதத்தோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளையில் நீர் கோக்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு உடனே செயல்பட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை என்றால் நுரையீரலில் அதே கதை. இது பெரும்பாலும் இரண்டாம் இரவுக்கு மேல்தான் வரும். இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவதுதான். ஆனால் குஸ்கோவிலிருந்து பள்ளத்தாக்குக்குப் போகும் சாலை முதலில் ஏறித்தான் இறங்குகிறது என்பதை மறக்கக் கூடாது. முதலில் ஆக்சிஜன் உள்ள மருத்துவமனை. இறங்குவது, லிமாவுக்குப் பறப்பது எல்லாம் அவர்கள் நிலைப்படுத்தி அனுப்பிய பிறகு.

நுழைவுச்சீட்டு: பெரும்பாலானோர் ஏமாறும் இடம்

மச்சு பிச்சுவுக்குள் இஷ்டம்போலச் சுற்ற முடியாது. 2024 ஜூன் முதல் மூன்று சுற்றுப்பாதைகள், அவற்றுக்குள் பத்து வழிகள் என்று பிரித்திருக்கிறார்கள். எல்லாம் ஒருவழி, திரும்பி நடக்க விடமாட்டார்கள். முதல் சுற்று மேல்தட்டுப் படிவயல்கள் வழியே போகிறது. நகரம் முழுவதும் கீழே விரிய, பின்னால் வைனா பிச்சு நிற்கும் அந்தப் பிரபலமான படம் இங்கே கிடைக்கும். நகரத்துக்குள் நுழைய முடியாது. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதிக் கட்டடங்களையும் வைனா பிச்சு ஏற்றத்தையும் கொண்டது. இதில் அந்த மேல்தட்டுக் காட்சி கிடைக்காது. இரண்டாம் சுற்றில் இரண்டும் உண்டு. அதனால்தான் அது முதலில் விற்றுத் தீர்கிறது. கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்கி, உள்ளே போன பிறகு "போட்டோ எடுக்கும் இடம் எங்கே" என்று காவலரைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் சுற்றுச் சீட்டு வைத்திருப்பவர்கள். வைனா பிச்சுவும் ஏற வேண்டும், அந்தப் படமும் வேண்டும் என்றால் இரண்டு தனிச் சீட்டுகள் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்குச் சாதாரணச் சீட்டு 152 சோல் (பெரு நாணயம்), மலையேற்றம் சேர்ந்த சீட்டு 200 சோல் என்பது 2024 மறுசீரமைப்புக் கால விலை. நாளொன்றுக்கு 4,500 பேர், நெரிசல் காலத்தில் 5,600 பேர் வரை என்ற வரம்பு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் சில மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும். சீட்டு கிடைத்த தேதியை வைத்து ரயிலையும் விடுதியையும் பதிவு செய்வதே சரியான வரிசை. ரயிலை முதலில் எடுத்துவிட்டுச் சீட்டு கிடைக்காமல் தவிப்பது அடிக்கடி நடப்பது.

தமிழர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வாயிலில் பாஸ்போர்ட்டையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஸ்பானிய மொழிப் படிவங்கள் பெயர், குடும்பப் பெயர் என்று தனித்தனியே கேட்கும். இனிஷியலோடு வாழும் நமக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் பாஸ்போர்ட்டிலேயே காலியாக இருக்கலாம், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். "எஸ். முருகன்" என்று பழக்கத்தில் எழுதாமல், பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை அப்படியே நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலும் தொல்லைதான். ரயில் சீட்டுக்கும் இதே கதை.

உள்ளே கழிப்பறை இல்லை. வாயிலுக்கு வெளியே கட்டணக் கழிப்பறை இருக்கிறது. வெளியேறியவர் மீண்டும் நுழைய முடியாது. சுற்றி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். டயமாக்ஸ் போட்டுக்கொண்டு, பேருந்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலிசெய்துவிட்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளத்தாக்கில் முதலில் தங்கும் வரிசையில் போனவருக்கு அந்த மாத்திரை அந்த நாளில் தேவையே இருக்காது என்பது இங்கே கைகொடுக்கும். பை 40க்கு 35க்கு 20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முக்காலி, செல்ஃபி குச்சி, குடை கூடாது. மழைக்கு அங்கி. ஊன்றுகோல் தேவைப்படும் முதியவர்கள் நுனியில் ரப்பர் போட்டிருக்க வேண்டும்.

ரயில், பேருந்து, மழை

ஆகுவாஸ் காலியென்டஸுக்குக் கார் போகும் சாலை கிடையாது. ஒய்யான்டைடாம்போவிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய பெட்டியை ஏற்ற மாட்டார்கள். ஓரிரவுக்கு வேண்டியதைச் சிறு பையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுதியில் விட்டுப் போவதே வழக்கம். அடிவாரத்திலிருந்து கொண்டையூசி வளைவுகளில் பேருந்து 390 மீட்டர் ஏறுகிறது, அரைமணிக்குக் கொஞ்சம் குறைவு. கட்டணம் போக வர 24 டாலர். நடந்தும் ஏறலாம். கல் படிகளில் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்கப்புறம் உள்ளே படிக்கட்டு ஏறக் காலில் தெம்பு வேண்டுமே என்ற கேள்வி தனி.

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் மழை உச்சம். 2010 ஜனவரியில் வெள்ளம் தண்டவாளத்தை அரித்துப்போனதில் ஆயிரக்கணக்கான பயணிகள் அடிவார ஊரில் சிக்கி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். மழை மட்டும் காரணம் ஆவதில்லை. 2023 ஜனவரியில் அரசியல் போராட்டத்தால் ரயில் நின்று, இடமே சில வாரம் மூடப்பட்டது. ஒரே ஒரு பாதையில் தொங்கும் ஊர் இது. சர்வதேச விமானத்துக்கு முந்தைய நாள் மச்சு பிச்சு என்று திட்டமிடுவது சூதாட்டம். இடையில் இரண்டு நாளாவது வேண்டும்.

கண்ணை எங்கே வைப்பது

வழிகாட்டிகள் சூரியக் கோயிலையும் இன்டிவாட்டானா என்ற செதுக்கிய கல்லையும் காட்டுவார்கள். அவற்றைவிட வியக்கவைப்பது காலுக்குக் கீழே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும், இரண்டு நிலப் பிளவுக்கோடுகளுக்கு நடுவே சரிந்து நிற்கும் முகட்டில், அறுநூறு ஆண்டுகளாக ஒரு நகரம் சரியாமல் நிற்கிறது. நீரியல் பொறியாளர் கென்னத் ரைட்டின் குழு 1990களில் ஆராய்ந்தபோது, கட்டுமான உழைப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு மண்ணுக்கு அடியில் போயிருக்கிறது என்று மதிப்பிட்டது. ஒரு படிவயலை வெட்டிப் பார்த்தால் அடியில் பெருங்கற்கள், மேலே சரளை, அதன்மேல் மணல், உச்சியில் வளமான மண். மழைநீர் தேங்காமல் அடுக்கடுக்காக வடிந்துவிடுகிறது. சுவர்களில் நீர் வடியும் துளைகள் நூற்றுக்கு மேல் உண்டு. நடக்கும்போது முழங்கால் உயரத்தில் தேடினால் கண்ணில் படும். மலையின் ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளக் கால்வாய் ஒன்று ஊருக்குள் வந்து, படியிறங்கும் பதினாறு சிறு நீர்த்தாரைகளாகப் பிரிகிறது. முதல் தாரை அரசனின் வீட்டை ஒட்டி. கலங்காத முதல் தண்ணீர் யாருக்கு என்பதில் சந்தேகம் வைக்கவில்லை.

சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதையும், வாசல்களும் மாடங்களும் அடி அகன்று மேலே குறுகியிருப்பதையும் பாருங்கள். நிலநடுக்கத்துக்கான வடிவம் அது. 1950 மே மாத நிலநடுக்கத்தில் குஸ்கோவின் சாந்தோ டொமிங்கோ தேவாலயக் கட்டடம் பலமாகச் சேதமடைந்தபோது, அதற்கு அடித்தளமாக இருந்த கோரிகாஞ்சா என்ற இன்கா கோயிலின் சுவர்கள் அசையாமல் நின்றன. மச்சு பிச்சு பார்த்த பிறகு குஸ்கோ போவதில் இதுவும் ஒரு லாபம்: அந்தச் சுவரை எப்படிப் பார்ப்பது என்று அதற்குள் கண் பழகியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம். மச்சு பிச்சுவில் கொசுவைவிடச் சிறிய ஈ ஒன்று கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, மறுநாள் கணுக்கால் முழுதும் சிவந்து அரிக்கும். அரைக்கால் சட்டை வேண்டாம். வெயிலும் ஏமாற்றும். குளிர்காற்றில் சூடு உறைக்காது, ஆனால் அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. கழுத்தும் காதும் உரிந்துவிடும்.

நடந்து போகிறவர்களுக்கு

மேலே சொன்ன ஆறுதல் எதுவும் இன்கா பாதையில் நடப்பவருக்குப் பொருந்தாது. 43 கிலோமீட்டர், நான்கு நாள். இரண்டாம் நாள் 3,000 மீட்டர் அளவிலிருந்து வார்மிவானுஸ்கா கணவாய்க்கு ஏற வேண்டும். அது 4,215 மீட்டர். அங்கே கிடைப்பது கடல்மட்ட ஆக்சிஜனில் 60 விழுக்காடு. இதற்கு மூன்று நாளாவது குஸ்கோவிலோ பள்ளத்தாக்கிலோ தங்கிப் பழகியிருக்க வேண்டும். சமையல்காரர், சுமைகாரர் உட்பட நாளுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே எடுக்க முடியும், வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பிப்ரவரியில் பாதை மூடியிருக்கும். சல்கான்டாய் என்ற இன்னொரு நடைவழியில் கணவாய் இன்னும் உயரம், 4,600 மீட்டருக்கு மேல்.

குஸ்கோவில் ஒரே நாள் பயணமாக விற்கும் வானவில் மலை 5,036 மீட்டர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி, பேருந்தில் ஏற்றி, நேராக அந்த உயரத்தில் நடக்க விடுவார்கள். குஸ்கோ வந்த இரண்டாம் நாளே இதை எடுப்பவர்கள்தான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். போக வேண்டுமென்றால் பயணத்தின் கடைசி நாளில் வையுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு உருளைக்கிழங்கும் கீன்வாவும் சோளமும் தாராளம். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும். "சின் பொய்யோ, சின் பெஸ்காதோ" (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சேர்த்துச் சொல்லி, சூப்பின் தண்ணீர் எதில் கொதித்தது என்றும் கேட்டுவிட வேண்டும். குஸ்கோவில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். விடுதி அறைக் கெண்டியில் உடனடி உப்புமா கிளற நினைப்பவர்கள் கூடுதல் நேரம் ஊறவிட வேண்டும்.

திரும்பும் வழியில் இரண்டு விஷயம். பெரு மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாதவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். இரண்டாவது, அந்தக் கோக்கா இலை. குஸ்கோ சந்தையில் கைப்பிடி இலையும் தேநீர்ப் பையும் கோக்கா மிட்டாயும் சர்வசாதாரணமாக விற்கும், நினைவுக்காக ஒரு பொட்டலம் பெட்டியில் போட்டுக்கொள்ளத் தோன்றும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கோக்கா இலை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. வழியில் விமானம் மாறும் நாடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். லிமாவில் விமானம் ஏறும் முன் பையின் ஓர அறைகளைக்கூட ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.